படகா, கடற்கரையா?
விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை



தேர்வுகள் முடிந்து பள்ளிகள் மூடப்பட்டதும், "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்னும் கேள்வி இல்லந்தோறும் எழுகின்றது. கள்ளக்குறிச்சி கருணாபுரம் போன்ற பகுதிகளில், அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பங்களுக்கு இத்தகைய பயணம் ஆண்டுக்கொருமுறை வாய்ப்பதே அரிது. பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் செலவாகும். எனவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதைச் சிறிய காரியமாக நாம் எண்ணலாகாது.

கல்வராயன் மலை அருகிலேயே இருப்பினும், பிள்ளைகள் விரும்புவது பெரும்பாலும் கடலையே. ஒரு சாரார் சென்னை மெரினாவுக்குப் போகலாம் என்பர். மற்றொரு சாரார் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் படகேறலாம் என்பர். இரண்டின் நன்மை தீமைகளையும் ஆராய்வோம்.

மெரினாவின் சிறப்பு

மெரினாவுக்கு அப்பெயர் அமைந்தது, 1884-ஆம் ஆண்டு ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்தபோது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. செல்வரும் ஏழையரும் ஒரே மணலில் அமர்கின்றனர். 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட சிலைகளுள், இத்தாலியில் பிறந்து தமிழுக்குத் தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்த வீரமாமுனிவரின் சிலையும் ஒன்று. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி அவர் வரலாற்றைச் சொல்லலாம். சற்றுத் தெற்கே புனித தோமையாரின் கல்லறை அமைந்த சாந்தோம் பேராலயம் உள்ளது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அங்கே வந்து செபித்தார்.

ஆயினும் சென்னை நமக்கு 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஒரே நாளில் போய்த் திரும்ப எண்ணினால், இரவெல்லாம் உறங்காத ஓட்டுநரின் கையில் முழுக் குடும்பத்தையும் ஒப்படைக்க நேரும்.

பிச்சாவரத்தின் சிறப்பு

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, உப்புநீரில் வேரூன்றி நிற்கும் காடு பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்புள்ள இக்காடு, 2022-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுரபுன்னையும் வெண்கண்டலும் இங்கே செழித்துள்ளன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரளித்த தில்லை மரத்தையும் இக்காட்டில் காணலாம். மரக்கிளைகள் கூரைபோல் கவிந்த குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகில் செல்வது பிள்ளைகளுக்கு மறவாத அனுபவமாகும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே சேதமுற்றன. படகுக்குக் கட்டணம் உண்டு. எனினும் சென்னைப் பயணத்தைவிடத் தொலைவு ஏறத்தாழப் பாதியே.

கிணற்று நீச்சல் போதுமா?

நம் பகுதிப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகியவர்கள். கடற்கரையில் ஆபத்தாக முடிவது அந்தத் துணிவேயாகும். கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்பது, கடல்நீரோ இழுப்பது. கரையில் மோதிய அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும்போது, ஒரு குறுகிய வழியில் திரண்டு வேகமாக ஓடும். அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு விலகுவதே தப்பும் வழி. மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பது தடைசெய்யப்பட்டிருப்பது காரணமின்றி அன்று.

அப்படியானால் படகு ஆபத்தற்றதா? அதுவும் இல்லை. 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். காட்டு விலங்கைக் காண யாவரும் ஒரு பக்கம் நெருங்கியதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2011 கிறிஸ்து பிறப்பு விழாவன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலாச் சென்ற 22 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ஆம் நாள் மாலை, கேரளத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தனர். மிதவைச் சட்டை அணியாமையும் அளவு மீறிய கூட்டமுமே இத்தகைய விபத்துகளில் பல உயிர்களைக் கொண்டுபோகின்றன.

புட்டியை ஏற்றாதீர்கள்

இன்னொன்றையும் கூறாதிருக்க முடியவில்லை. சுற்றுலா வண்டிகளில் உணவு மூட்டையோடு மதுப் புட்டியும் ஏறுவதைக் காண்கிறோம். குடித்தவன் நீரில் இறங்குகிறான்; அவனைக் காக்க இறங்கிய தம்பியும் மூழ்குகிறான். 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளைத் தாய் ஒருத்தியோ பாட்டியோ தனித்து வளர்க்கும் வீடுகள் இங்கே உள்ளன. அவர்களின் முன்னிலையிலேனும் நம் பயணங்கள் மதுவற்றவையாக இருத்தல் வேண்டும். அக்குடும்பத்துப் பிள்ளைகளில் ஓரிருவரை நம் வண்டியில் உடன் அழைத்துச் செல்வோமானால் அது இன்னும் சிறந்தது.

நம் கருத்து

சிறுவர்களோடு ஒரே நாளில் போய்வர விரும்பும் குடும்பத்திற்குப் பிச்சாவரமே ஏற்றது என்போம். அரசுச் சுற்றுலாத் துறையின் படகுத்துறையிலேயே ஏறுங்கள். குழந்தையின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி, வார்களை இறுகக் கட்டுங்கள். படகில் எழுந்து நிற்க வேண்டாம். இருட்டுமுன் கரையேறிவிடுங்கள்.

சென்னையில் உறவினர் வீட்டில் ஓரிரவு தங்க முடிந்தவர்கள் மெரினாவுக்குச் செல்லலாம். முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ அழைத்துச் செல்வோர்க்கு, 2022-இல் மணல்மேல் அமைக்கப்பட்ட மரப்பாதை உதவும். ஆனால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. எங்குச் சென்றாலும், புறப்பட்ட அத்தனை பேரும் இரவில் வீடு திரும்பி ஒன்றாய் அமர்ந்து செபிப்பதே விடுமுறையின் நிறைவு. இறைவன் உங்கள் பயணத்தைக் காப்பாராக!