ஒரே பாதையில் பல மொழிகள்

குருமண்வெளித் துறையில் ஏறி மண்டூருக்கு வாவியைக் கடந்தோர் 'பாதை'யை அறிவர். மனிதரும் துவிச்சக்கர வண்டியும் மூட்டை முடிச்சும் அதில் ஒன்றாகவே ஏறும்.

கணினியுலகிலும் அத்தகைய பாதை ஒன்றுண்டு. ஜாவா மொழிக்கென 1995இல் வெளிவந்த மெய்நிகர் பொறியே அது. எம்மொழியாயினும் 'பைட்கோட்' என்னும் பொதுக் கட்டளைகளாக மாற்றிவிட்டால் ஏற்றுக்கொள்ளும். மார்ட்டின் ஒடர்ஸ்கியின் ஸ்காலாவும், 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜரும் அவ்வாறு ஏறியவை. இலங்கைப் பொறியியலாளர் ஆக்கிய பலெரினாவும் 2019இல் வந்த 1.0 பதிப்பு முதல் இதில்தான் ஓடுகிறது.

ஆயினும் சார்புவழி மொழிகளுக்கு இங்கே ஓர் இடர். ஒரு சார்பு தன்னையே மீண்டும் மீண்டும் அழைப்பது அவற்றின் இயல்பு. பொறியோ ஒவ்வோர் அழைப்புக்கும் நினைவகத்தில் ஓர் அடுக்கை ஒதுக்கி, அழைப்பு முடியும்வரை அதனை விடாது வைத்திருக்கும். ஒன்று முதல் பத்து இலட்சம் வரை இம்முறையிற் கூட்டச் சொன்னால், விடை வருமுன்பே இடம் நிரம்பி நிரல் கவிழ்ந்துவிடக்கூடும். பாரம் மிகுந்த தோணியின் கதிதான்!

தன்னை அழைப்பதே இறுதிச் செயலாயின், பழைய அடுக்கு வேண்டியதில்லை. அவ்விடத்தை ஸ்காலா தானே சுழற்சியாக்கிவிடும். குளோஜரோ, 'ரிகர்' என எழுதுமாறு நிரல் எழுதுவோரையே கேட்கும்; இடம் தவறி எழுதினால் அப்போதே மறுத்துவிடும். வந்தாறுமூலையிற் கணினி பயிலும் மாணவர்க்கு இக்கண்டிப்பே நல்லாசான் என நாம் கருதுகிறோம். இரு சார்புகள் மாறிமாறி ஒன்றையொன்று அழைத்தால் மட்டும் 'ரிகர்' உதவாது. அதற்குக் குளோஜரில் 'டிராம்போலின்' என வேறொரு கருவி உண்டு.