முதுமையில் கரப்பான்

இளமையின் வாயிலில் நிற்கும் உங்களிடம் முதுமையில் வாட்டும் ஒரு தோல் நோயைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். உங்கள் வீட்டிலேயே, இரவெல்லாம் உறக்கமின்றிக் காலைச் சொறிந்துகொண்டிருக்கும் தாத்தாவோ பாட்டியோ இருத்தல் கூடும். அவர்கள்பொருட்டே இப்பேச்சு. என்பொருட்டும் என்று ஒப்புக்கொண்டு விடுகிறேன். அறுபத்து மூன்றாம் வயதில் இந்நோய் என் இடது கணுக்காலைத் தேடி வந்தது.

ஆங்கிலத்தில் எக்ஸிமா எனப்படுவதை நம்மவர் கரப்பான் என்பர். எக்ஸிமா என்பது கிரேக்க மூலமுடைய சொல். கொதித்துப் பொங்குதல் என்பது அதன் பொருள். தோல் சிவக்கிறது; தினவெடுக்கிறது; சிறு கொப்புளங்கள் கிளம்பி நீர் கசிகிறது; பின்னர் வறண்டு செதில் செதிலாக உதிர்கிறது. உடலினுள் கெட்டுப்போன நீர்களே இவ்வாறு வெளிப்படுகின்றன என்று மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துப் பேராசிரியர் ஹெப்ரா இக்கொள்கையை எதிர்த்தார். நேர்வாள எண்ணெயைத் தோலில் தேய்த்துக் கரப்பானை வரவழைத்துக் காட்டினார். தோலை உறுத்தும் பொருள்களும் ஓயாத சொறிதலும் இந்நோயை உண்டாக்க வல்லன என்பது அவர் கண்ட உண்மை. நம் நாட்டில் இன்றும் ‘இரத்தம் கெட்டுவிட்டது’ என்று கூறுவோர் பலர். ஹெப்ராவின் குரல் அவர்கள் செவிக்கு இன்னும் எட்டவில்லை போலும்!

தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். இறந்து தட்டையான செல்களே செங்கற்கள். அவற்றின் இடையிலுள்ள கொழுப்புப் பொருள்களே சாந்து. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, இச்சுவர் நீங்கள் எழுதும் தாளைவிட மெல்லியது. ஆயினும் உள்ளிருக்கும் நீரை வெளியேற விடாமலும், வெளியிலிருக்கும் கிருமிகளையும் நச்சுப் பொருள்களையும் உள்ளே புகவிடாமலும் காப்பது இதுவே. இச்செங்கற்களுக்கு உறுதி தரும் ஃபிலாகிரின் என்னும் புரதத்தில் பிறவிக் குறையுடையோரைக் கரப்பான் எளிதில் பற்றுகிறது என்பதை 2006-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள் தலைமையில் கண்டறிந்தனர். குழந்தைப் பருவத்திலேயே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோன்றும் கரப்பான் பலருக்கு இவ்வகையினது.

முதியோர் நிலை வேறு. சுவர் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. காலத்தால் சாந்து குறைந்துவிட்டது. எண்ணெய்ச் சுரப்பிகள் சோர்கின்றன, வியர்வையும் குறைகிறது. கோடையில் வற்றிய ஏரியின் தரையைப் பார்த்திருப்பீர்கள். முதியவரின் முழங்காலுக்குக் கீழே முன்புறத் தோலும் அவ்வாறே வெடித்துக் காணும். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நீராடி, சோப்பைத் தாராளமாகத் தேய்ப்பவர்க்கு மிச்சமிருந்த சாந்தும் கரைந்து போகிறது. மார்கழிக் குளிரில் இன்னும் கேடு. ‘அழுக்குப் போகத் தேய்த்தால் அரிப்புப் போகும்’ என்று நானும் நம்பியவனே.

என் கதைக்கு வருகிறேன். கணுக்காலின் உட்புறத்தில் பழுப்பு நிறமாக ஒரு திட்டுத் தோன்றியது; மாலையில் கால் சற்று வீங்கும்; இரவில் தினவு தாங்க முடியாது. படர்தாமரை என்று நானே முடிவு செய்து, கடைக்காரர் கொடுத்த களிம்பொன்றைத் தடவினேன். மூன்றே நாளில் மாயம்போல் அடங்கிற்று. நிறுத்தியதும் முன்னிலும் சீற்றத்தோடு திரும்பிற்று. மறுபடியும் களிம்பு, மறுபடியும் அதே கதை. ஓராண்டு இப்படிக் கழிந்தது. இறுதியில் ஒரு தோல் மருத்துவரிடம் சென்றேன். என் மாணவியர் வயதுடைய அம்மையார். அவர் திட்டைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, எத்தனை ஆண்டு வகுப்பில் நின்று பாடம் சொன்னீர்கள்?”

“முப்பத்தாறு ஆண்டு” என்றேன்.

“நீங்கள் தோலுக்கு மருந்து போட்டீர்கள். நோய் தொடங்கியது இரத்தக் குழாயில்” என்றார்.

கால் இரத்தத்தை மேலே இதயத்திற்கு அனுப்பும் சிரைகளில் சிறு கதவுகள் உண்டு. இரத்தம் கீழே இறங்காதபடி அவை தடுக்கும். அக்கதவுகள் தளர்ந்தால் இரத்தம் கணுக்காலருகே தேங்கும். நெடுநேரம் நிற்கும் தொழிலோர்க்கு இத்தளர்ச்சி மிகுதி. தேங்கிய இடத்திலிருந்து நீரும் சிவப்பணுக்களும் கசிகின்றன. பழுப்பு நிறம் அவ்வணுக்களின் இரும்பால் வருவது. அங்கே தோல் வலுவிழந்து கரப்பானாகிறது. கவனியாது விட்டால் புண்ணாகவும் மாறும். ஆகவே இங்கு முதன்மையான மருத்துவம் களிம்பன்று. காலை இறுக்கிப் பிடிக்கும் மீள்காலுறை அணிதல், உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்தல், தினமும் நடத்தல் ஆகியவையே. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தைப் பிழிந்து மேலே ஏற்றுகிறது. ஆனால் காலின் தமனிகளில் இரத்தவோட்டம் போதுமா என்று மருத்துவர் சோதித்த பின்னரே காலுறை அணிய வேண்டும். நீரிழிவுடையோர்க்கு இது மிக இன்றியமையாதது.

நான் வாங்கிய களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அப்பொருளை நான் பழிக்க மாட்டேன். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸல்ஸ்பர்கர், விட்டன் என்னும் இருவர் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவி அதன் பயனை வெளியிட்டனர். கரப்பான் மருத்துவமே அதன்பின் மாறிற்று. குற்றம் பயன்படுத்தும் முறையில்தான். வலிமை மிக்கதை மாதக்கணக்கில் தடவினால், ஏற்கெனவே மெலிந்த முதியோர் தோல் மேலும் மெலிந்து, தொட்டாலே கன்றிப்போகும். உண்மையில் படர்தாமரையாக இருப்பின், அதன் உருவை மறைத்து உள்ளூரப் பரப்பிவிடும். இக்காரணங்களால், இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் இந்திய அரசு விதி செய்தது. அளவுக்கு ஒரு கணக்கும் உண்டு. சுட்டுவிரலின் நுனிக் கணுவளவு பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புள்ள தோலுக்கு அது போதும். மாறாக, அச்சத்தால் மருந்தைப் பாதியில் நிறுத்துவோரும் உளர். அழற்சி அடங்கும்வரை சொன்ன நாள் தடவி, பின் சொன்னபடி குறைப்பதே முறை.

ஆயுள் முழுதும் தொடர வேண்டியது எளிய வேலையொன்றே. வெதுவெதுப்பான நீரில் விரைந்து நீராடித் துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் புலர்வதற்குள் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவுவது. சாந்து குறைந்த சுவருக்குப் புறத்தே பூசும் பூச்சு அது. மணமூட்டிய களிம்புகள் வேண்டா. நியோமைசின் போன்ற கிருமிக்கொல்லிக் களிம்புகள்கூட, கால் கரப்பானில் நாள்பட்ட பயனால் ஒவ்வாமையைத் தரும்.

சொறிதலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சொறிந்தால் அக்கணம் இன்பம். ஆனால் கீறப்பட்ட செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. அவை மேலும் அரிப்பைத் தருகின்றன. இச்சுழலில் அகப்பட்ட தோல் யானைத் தோல்போல் தடித்து விடுகிறது. ‘சொறியாதே’ என்று அதட்டுவதாற் பயனில்லை. நகத்தை வெட்டிவிடுங்கள், அரிக்குமிடத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்துங்கள்.

முன்பு தோல் நோயே இல்லாதவர்க்கு முதுமையில் திடீரென உடலெங்கும் அரிப்புத் தோன்றினால், வெறுங் கரப்பானென்று இருந்துவிடலாகாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு இவற்றின் கோளாறும், இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளும் காரணமாகலாம். வீட்டில் பிறர்க்கும் இரவில் அரித்தால் அது சொறிசிரங்காக இருக்கக்கூடும், அது தொற்றும்.

கரப்பானோ தொற்றாது. இதை நான் அறிந்த காலம் மிகப் பிந்தியது. தலைமையாசிரியனாக இருந்தபோது, முழங்கை மடிப்பில் கரப்பானுடைய சிறுவன் ஒருவன் ஆறாம் வகுப்பில் இருந்தான். பெற்றோர் இருவர் வந்து முறையிட்டனர். நான் யாரையும் கேட்கவில்லை; கதவோரம் ஒரு முக்காலியைப் போட்டு அவனைத் தனியே அமர்த்தினேன். விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஏனென்று விசாரிக்கவும் இல்லை. எனக்கு நோய் வந்தபின் ஒருநாள், வீட்டில் என் துண்டு மட்டும் தனிக்கொடியில் உலர்வதைக் கண்டேன். அந்த முக்காலி அன்று நினைவுக்கு வந்தது.

மருத்துவர் சொன்னதை வீட்டாருக்கு விளக்கிச் சொன்னேன். துண்டு பழைய கொடிக்கு வந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேர்த்தி ஞாயிறுதோறும் எனக்கு நகம் வெட்டிவிடுகிறாள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் காலுறையை மாட்டிவிடுவதும் அவளே. எட்டு மாதமாகத் தினவு இல்லை. பழுப்புத் திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அது முழுதும் மறையாதென்று மருத்துவர் முன்பே கூறிவிட்டார்.