தயான்சந்த் விருது: தீராத பாக்கி

1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர் கொல்கத்தாவின் சச்சின் நாக். ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அர்ஜுனா விருதோ 1961-இல்தான் பிறந்தது. பெரும்பாலும் அப்போது களத்தில் இருந்தவர்களைத்தான் அது தேடிப் போனது. 1987-இல் நாக் காலமானார். 33 ஆண்டுகள் கழித்து, 2020-இல், அவருக்குத் தயான்சந்த் விருது அறிவிக்கப்பட்டது. மேடையேற ஆள் இல்லாத பிறகு வந்த மரியாதைதான், ஆனாலும் வந்தது. 2002-இல் தொடங்கிய அந்த வாழ்நாள் சாதனை விருது, தேசம் தன் பழைய வீரர்களுக்கு வைத்திருந்த பாக்கியைத் தீர்க்கும் கணக்குப் புத்தகம். 2023-ஆம் ஆண்டுக்கான விருதோடு அது மூடப்பட்டது. தமிழகத்தின் கபடி வீராங்கனை கவிதா செல்வராஜ் அந்தக் கடைசிப் பட்டியலில் இருந்த மூவரில் ஒருவர்.

நிறுத்தியதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021-இல் கேல் ரத்னாவுக்கும் தயான்சந்த் பெயரைச் சூட்டிய பிறகு, ஒரே பெயரில் இரண்டு விருதுகள் இருந்தன. வாழ்நாள் விருது அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. அர்ஜுனா என்ற, மக்களுக்கு நன்கு தெரிந்த பெயருக்குள் குடியேறியது. பெயர் பெரிதானால் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் நோய் பெயரில் இல்லையே, தாமதத்தில் அல்லவா இருந்தது? 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர், புதிய பெயரிலான விருதை 2025 ஜனவரியில்தான் வாங்கினார். வேண்டுமென்றால் விண்ணப்பிக்கட்டுமே என்பது அடுத்த வாதம். வீரர் தாமே விண்ணப்பிக்க வழி இருப்பது உண்மை. தன் பெருமையைத் தானே படிவத்தில் எழுதி நீட்டும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை (இருந்திருந்தால் அவர்கள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்கள்). 1961-க்கு முன் நாட்டுக்காக ஆடியவர்களின் பெயர்கள் ஒலிம்பிக் ஏடுகளிலேயே இருக்கின்றன. அமைச்சகம் அவற்றைப் புரட்டினால் போதும், யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

அந்த ஏடுகளில் கொல்கத்தாவின் இன்னொரு பெயர் சமர் பத்ரு பானர்ஜி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்தியக் கால்பந்து அணியின் தலைவர். 2009-இல் மோகன் பகான் கழகம் அவருக்குத் தன் ரத்னா விருதைக் கொடுத்தது. மாநில அரசும் பின்னர் வாழ்நாள் விருது வழங்கியது. தயான்சந்த் விருது தொடங்கிய பிறகு இருபது ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். 2022 ஆகஸ்டில், 92 வயதில் காலமானபோது, அந்த விருதும் அவரிடம் இல்லை, அர்ஜுனாவும் இல்லை.