கொதிப்புக்குப் பழகும் மூளைத்தண்டு

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் உடம்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடுகிறது. ஆனாலும் நம்மில் பலருக்குத் தலைகூடச் சுற்றுவதில்லை. கழுத்துக் கரோட்டிட் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் இருக்கும் நரம்பு நுனிகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத் துடிப்புக்குத் துடிப்பு மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அங்கிருந்து இதயத்துக்கு ‘மெல்ல’ என்று உத்தரவு போகும், குழாய்கள் தளரும். இறங்கினால் நேர்மாறு.

இவ்வளவு காவல் இருந்தும் 120இல் நிற்க வேண்டிய பி.பி. 160இல் போய் உட்கார்ந்துகொள்கிறதே, எப்படி?

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மக்கபின், கிரீன், பேஜ் மூவரும் 1956இல் ஒரு விடை தந்தார்கள். சிறுநீரகக் கோளாறால் நாட்பட்ட இரத்தக் கொதிப்பு வந்த நாய்களின் கழுத்து நரம்பில் ஓடும் சமிக்ஞைகளைப் பதிவுசெய்தார்கள். உணரிகள் செத்துவிடவில்லை. கூடுதல் அழுத்தத்தையே வழக்கமான அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேலை பார்த்தன. பூஜ்யம் நகர்ந்துபோன தராசு மாதிரி. வைக்கிற எடைக்கெல்லாம் முள் அசையும், காட்டும் கணக்குதான் வேறு.

மாற்றம் நுனியோடு நின்றுவிடுகிறதா? நின்றுவிடவில்லை. அந்த நரம்புகள் வந்து சேரும் இடம், மூளைத்தண்டின் பகுதியான முகுளத்தின் பின்பகுதியில் இருக்கும் ஒரு சிறு நியூரான் கூட்டம். மருத்துவர்கள் சுருக்கமாக என்.டி.எஸ். என்பார்கள். டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஸ்டீவ் மிஃப்ளின் குழுவினர் இந்த நியூரான்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தே சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான செல்களில் அழுத்தச் செய்தி வாங்குவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எலியின் பெருந்தமனி நரம்பில் ஒளிரும் சாயத்தைப் பூசினார்கள். சாயம் நரம்பு வழியே ஊர்ந்து மூளைத்தண்டு வரை போய், முடிகிற இடத்தில் மின்னும். மின்னும் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்லைத் தேர்ந்து, நுண்ணிய கண்ணாடிக் குழாயை அதன் மேல் பொருத்தி மின்னோட்டத்தை அளந்தார்கள். வெறும் பொறுமையால் நடக்கும் வேலை இது.

நியூரான் தூண்டப்படும்போது, ஒருவகைப் பொட்டாசிய வாயில்கள் கணநேரம் திறந்து, துடிப்பு எழுவதைத் தாமதப்படுத்தும். ஒரு பிரேக் என்றே சொல்லலாம். கொதிப்பு வந்த எலிகளின் செல்களில் இந்தப் பொட்டாசிய ஓட்டம் குறைந்திருந்தது. பிரேக் தளர்ந்தால், வருகிற செய்திக்கு அந்த நியூரான் முன்னைவிடச் சுலபமாகத் துடிக்கும்.

இங்கேதான் விஷயம் குழம்புகிறது, சுவாரசியமும் ஆகிறது. அழுத்தச் செய்தி வாங்கும் செல் கூடுதலாகக் கிளர்ந்தால் பி.பி. குறைய வேண்டுமல்லவா? குறையவில்லையே! காரணம், அதே பகுதியில் ‘காபா’ என்ற அடக்கும் வேதிப்பொருளின் ஒருவகை ஏற்பி, கொதிப்புள்ள எலிகளில் கூடுதல் வீரியத்தோடு வேலை செய்கிறது. ஒரு கை தளர்த்த, இன்னொரு கை இறுக்குகிறது. கிளர்ச்சி கூடியது நோயின் ஒரு பகுதி என்பதைவிட, நோயோடு மல்லுக்கட்டும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது. எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு நீட்டிவிட முடியாது. உயிரோடு இருப்பவரின் முகுளத்திலிருந்து நியூரானைப் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது.

இப்படிப் பழகிப்போகும் காவலால் நீண்டகாலப் பயன் உண்டா என்பதில் பெரிய சர்ச்சை நடந்தது. மிசிசிப்பியின் ஜாக்சனில் ஆர்தர் கைட்டனின் குழு 1973இல் நாய்களின் அழுத்த உணரி நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தது. பி.பி. கன்னாபின்னாவென்று ஏறி இறங்கியது. ஆனால் நாள் முழுக்க எடுத்த சராசரி இயல்பை ஒட்டியே இருந்தது. நீண்டகாலப் பி.பி.யைத் தீர்மானிப்பது சிறுநீரகம்தான், மூளைத்தண்டின் வேலை அந்தந்த நேரத்து அலையைத் தணிப்பதோடு சரி என்ற முடிவு பாடப்புத்தகங்களில் ஏறியது.

அதே ஜாக்சனில் 2004இல் தாமஸ் லோமையர் நாய்களின் கரோட்டிட் சுவரில் மின்முனை வைத்து ஏழு நாள் விடாமல் தூண்டினார். ஏழு நாளும் அழுத்தம் தாழ்ந்தே நின்றது. நுனி பழகிப்போகலாம், ஆனால் நரம்பு வழியே செய்தி வந்துகொண்டே இருந்தால் மூளைத்தண்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் செய்கிறது. இந்த வழியில் உருவான கருவி, மாத்திரைகளுக்கு மசியாத கொதிப்புள்ள நோயாளிகளின் கழுத்திலும் பொருத்திப் பார்க்கப்பட்டது. 2019இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்ததோ இதயச் செயலிழப்புக்கு.