காலத்தே எழுப்பினால் காவல்

கிருமி நுழைந்ததை உடலில் முதலில் கண்டுகொள்பவற்றுள் முக்கியமானவை ‘டோல்’ வகை ஏற்பிகள். சுருக்கமாக டி.எல்.ஆர். மனிதரிடம் இவை 10 வகை. ஒன்று பாக்டீரியாவின் மேலுறையை அடையாளம் காணும். இன்னொன்று வைரஸின் மரபுப்பொருளை. கண்டதும் அழற்சியைத் தூண்டிவிடும். பூஞ்சைத் தொற்றிலிருந்து பழ ஈயைக் காப்பது டோல் மரபணு என்று 1996இல் காட்டிய ஜூல்ஸ் ஹாஃப்மனும், எலியில் டி.எல்.ஆர்.4இன் வேலையை 1998இல் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இந்தக் காவலர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் எச்.பி.வி. 16, 18 ஆகிய இரண்டு வைரஸ் வகைகள். பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். மறையாமல் தங்குவதற்கு வைரஸ் பல தந்திரங்கள் செய்கிறது. அதில் ஒன்று, எச்.பி.வி. 16இன் இ6, இ7 புரதங்கள் டி.எல்.ஆர்.9 உற்பத்தியைக் குறைப்பது. காவலர் உறங்கிவிடுகிறார்.

சினைப்பையில் கதை நேர்மாறு. அங்கே புற்றுச் செல்களிலேயே டி.எல்.ஆர்.4 இருக்கிறது. அது தூண்டப்பட்டால் எழும் அழற்சிப் புரதங்கள் கட்டியின் வளர்ச்சிக்கே உதவுகின்றன. சினைப்பைப் புற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் பேக்லிடாக்செல் மருந்துகூட இதே ஏற்பியைத் தூண்டி, சில செல்களைச் சாகாமல் தப்பவைப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

சிகிச்சைக்கு இது என்ன சொல்கிறது? டி.எல்.ஆர்.7ஐத் தூண்டும் இமிகுவிமோட் களிம்பு, பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் தோன்றும் புற்றுக்கு முந்தைய திட்டுகளைச் சுருக்கியது; 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், களிம்பு பூசிய 26 பெண்களில் 21 பேருக்குத் திட்டு கால் பங்குக்கு மேல் சுருங்கியது. எச்.பி.வி. தடுப்பூசியான செர்வாரிக்ஸில் டி.எல்.ஆர்.4ஐத் தூண்டும் துணைப்பொருள் சேர்க்கப்பட்டுள்ளது. சினைப்பையில் கட்டிக்குத் துணைபோகும் அதே ஏற்பி, இங்கே நோய் எதிர்ப்பை வலுவாக்குகிறது. ஆனால், சினைப்பைப் புற்று திரும்பிய பெண்களுக்கு, டி.எல்.ஆர்.8ஐத் தூண்டும் மோட்டோலிமோடைக் கீமோவுடன் கொடுத்தபோது ஆயுள் நீளவில்லை.

ஆக, இதுவரை பலன் கிடைத்திருப்பது பெரும்பாலும் கட்டி உருவாகுமுன் தூண்டியபோதுதான். கட்டி வளர்ந்தபின், எந்தச் செல்லில் உள்ள ஏற்பியைத் தூண்டுவது, எதை அடக்குவது என்று பிரித்தறியும் மருந்துதான் தேவை.