பேராக்கில் எஞ்சிய கெருயிங் பாடி: மிச்சக் காடும் காக்கப்பட வேண்டும்

ஈப்போ: இந்நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தை ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் பார்க்கலாம். ஆனால் அதைவிட அரிதான ஒரு பேராக் மரத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதன் பெயர் கெருயிங் பாடி.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ஈயச் சுரங்கம், ரப்பர், செம்பனை என்று தாழ்நிலக் காடுகள் குறைந்துகொண்டே வந்தன. தீபகற்ப மலேசியாவில் கெருயிங் பாடி இருப்பதாகப் பதிவான ஒரே இடம் பாரிட் வட்டாரம். அங்கே ஸ்ரீ இஸ்கண்டாரில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மிஞ்சிய சிறு சதுப்புக் காட்டில் அது நிற்கிறது. மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அது வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இத்தகைய மரங்களைத் தேடுவோர் முதலில் பழைய உலர்தாவரச் சேகரிப்புகளில் குறித்துள்ள ஊர்ப்பெயர்களைப் பார்க்கிறார்கள். பிறகு அங்கே சென்று தரையில் கிடக்கும் இலைகளையும், இரண்டு நீண்ட இறகுகள் கொண்ட காய்களையும் தேடுகிறார்கள்.

காப்பது இன்னும் கடினம். கெருயிங் வகை மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. விதை காய்ந்தால் முளைக்காது. நெல்போல் சேமித்து வைக்க முடியாது. காய் விழும் பருவத்திலேயே எடுத்து நாற்றங்காலில் வளர்க்க வேண்டும்.

பழைய தோட்டங்களின் ஆற்றோரத்திலும் கோயில் பின்புறத்திலும் நிற்கும் காட்டு மரங்களை அங்கு வாழ்ந்த நம் பெரியவர்கள் அறிவார்கள். நிலம் கைமாறி மண்வாரி இயந்திரம் வருமுன், மாநில வனத்துறையிடம் அதைச் சொல்லுங்கள்.