வாரத்துக்கு ஒரே ஒரு சிகரெட்! ஓட்டம் கெடுமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் அரியாங்குப்பம். அங்கிருந்து கிழக்கே போனால் வீராம்பட்டினம் கடற்கரை. வழியில் சற்று ஒதுங்கினால், ஒரு காலத்தில் ரோமாபுரிச் சரக்குகள் வந்து இறங்கிய அரிக்கமேடு. ஓட்டப் பயிற்சிக்கு இதைவிடத் தோதான இடம் தேட வேண்டியது இல்லை. கொஞ்ச தூரம் தார் ரோடு, கொஞ்ச தூரம் மணல், முகத்தில் கடற்காற்று!

எல்லா ஊர்களிலும் போல, இங்கே ஓடுகிற வாலிபர்களிலும் ஒரு தனி ரகம் உண்டு. "சிகரெட் பிடிப்பாயா?" என்று கேட்டால், "இல்லை" என்று அடித்துச் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. பாக்கெட் வாங்கிப் பையில் வைத்துக் கொள்ளும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆனால், சனிக்கிழமை இரவு சிநேகிதர்களோடு ஒன்று. கல்யாண வீட்டில் ஒன்று. தேர்த் திருவிழாவுக்கு வெளியூர் நண்பன் வந்தால் இரண்டு.

"வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறேன். இந்த ஒரு சிகரெட் என்னை என்ன செய்துவிடும்?" இதுதான் அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். புகைக்காதே என்று அதட்டுகிறவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. எடுத்த எடுப்பில் புற்றுநோய்ப் படத்தைக் காட்டிவிடுகிறார்கள். 60 வயதில் வரும் நோயைச் சொன்னால் 20 வயதுப் பையனின் காதில் ஏறுமா? அவனுக்கு வேண்டியது நாளைக் காலை ஓட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கையே பார்ப்போம்.

ரத்தத்தில் இடம் பிடிக்கும் விஷவாயு

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். இருதயம் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. மூச்சு முட்ட ஓடும்போதோ, காற்று 100 லிட்டரைத் தொடும். ரத்தம் 20 லிட்டரைத் தாண்டும். எல்லாம் எதற்காக? கால் தசைகளுக்குப் பிராண வாயுவைக் கொண்டு சேர்ப்பதற்காக. மணலில் ஓடினால் இன்னும் மோசம். கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும்.

பிராண வாயுவைச் சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்களைக் கொல்கிறதே, அதே வாயுதான். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். பஸ்சில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல! பிராண வாயு வந்து பார்த்தால் இடம் இல்லை. இந்த வேலையை 1857-ம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்.

புகைக்காதவர் ரத்தத்தில் இந்த வாயு பிடித்திருக்கும் இடம் 100-க்கு 1 பங்கு அளவில் இருக்கும். தினமும் ஒரு பாக்கெட் ஊதுகிறவருக்கு 5 பங்கு, அதற்கு மேலும் போகும். ஒரே ஒரு சிகரெட் என்றால் ஏறக்குறைய 1 பங்கு கூடும்.

இதில் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த வாயு ரத்தத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பது இல்லை. 4 அல்லது 5 மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். இரவு 10 மணிக்குப் பிடித்த சிகரெட்டின் வாயுவில், காலை 5 மணிக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். ஆகவே, சனிக்கிழமை இரவுச் சிகரெட்டின் வாயு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை முடக்கிப் போட்டுவிடாது. ஆனால், ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டீக்கடையில் பற்ற வைத்தால் கதை வேறு. புதுச்சேரியைப் பற்றிப் பேசும்போது பாட்டிலைச் சொல்லாமல் இருக்க முடியுமா? பாட்டில் திறந்த இடத்தில் ஒரு சிகரெட் ஒன்றோடு நிற்பது இல்லை. நான்காகிவிடும். தூக்கமும் கெடும்.

குறுகும் மூச்சுக் குழாய்

புகையிலையின் அடுத்த சரக்கு நிகோட்டின். 1560 வாக்கில், போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் புகையிலையைப் பாரீஸ் அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயர்தான் இந்த நஞ்சுக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே போன சில நிமிடங்களில் நாடித் துடிப்பு 10 முதல் 20 வரை கூடும். ஓடத் தொடங்கும் முன்பே இருதயம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. மேலே ஏற இடம் குறைந்துபோகிறது.

புகை பட்டதும் மூச்சுக் குழாய்கள் சுருங்குகின்றன. இதை 1961-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். சும்மா இருக்கும்போது இது தெரியாது. 100 லிட்டர் காற்று கேட்கும்போதுதான் தெரியும். குறுகிய குழாயில் காற்றை இழுப்பது விலா எலும்புத் தசைகளுக்குக் கூடுதல் வேலை. அந்தத் தசைகளும் பிராண வாயு கேட்கும். கால்களின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். 1971-ல் கனடா நாட்டின் டொராண்டோவில் புகைப்பவர்களைச் சோதித்தார்கள். ஒரே ஒரு நாள் புகைக்காமல் இருந்தபோதே, மூச்சு விடுவதற்கு ஆகும் இந்தச் செலவு நன்றாகக் குறைந்திருந்தது.

அப்படியானால் வாரம் ஒரு தடவை பிடிப்பவன் தப்பித்துக் கொண்டானா? திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடுகிறதா?

அதுதான் இல்லை!

இரண்டு நாள் கழித்தும்...

2008-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இதே ரக வாலிபர்களை அழைத்துச் சோதித்தார்கள். எல்லோரும் கல்லூரி மாணவர்கள். வாரத்துக்கு ஒரு பாக்கெட்டுக்கும் குறைவாகப் பிடிப்பவர்கள். இரண்டு நாள் சிகரெட்டைத் தொடாமல் வந்தவர்கள்.

சோதனை எளிது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கிக் கட்டிச் சில நிமிடம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்துவார்கள். ரத்தம் பாய்ந்து வரும். ஆரோக்கியமான ரத்தக் குழாய் உடனே விரிந்து வழிவிடும். எப்போதாவது புகைப்பவர்களின் ரத்தக் குழாயோ, புகைக்காத மாணவர்களுடையது அளவுக்கு விரியவில்லை. பிறகு இரண்டு சிகரெட் பிடிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். விரிவது இன்னும் குறைந்தது.

சோதனைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கையில் பார்த்த சோதனையே தவிர, ஓட விட்டுப் பார்த்தது அல்ல. இருந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட செய்தி இதுதான். வாயு வெளியேறிவிட்டது, நிகோட்டின் போய்விட்டது. ஆனால், குழாய் இன்னும் மறக்கவில்லை! ஓடும்போது கால் தசைக்கு ரத்தம் போக வேண்டுமானால் குழாய் விரிந்தாக வேண்டும். 20 வயதில் ரப்பர் போல இருக்க வேண்டியது கொஞ்சம் விறைத்துப்போய் இருந்தது.

10 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018-ல், லண்டன் நிபுணர்கள் 141 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தினமும் 20 சிகரெட் பிடிப்பவருக்கு இருதய நோய் அபாயம் இவ்வளவு கூடுகிறது என்றால், தினமும் ஒன்று மட்டும் பிடிப்பவருக்கு அதில் 20-ல் ஒரு பங்குதானே இருக்க வேண்டும்? கணக்கு வாத்தியார் அப்படித்தான் சொல்வார். இருதயம் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. ஆண்களுக்கு ஏறக்குறைய பாதி அபாயம் அந்த ஒன்றிலேயே வந்துவிடுகிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு.

சாக்குப் போக்குகள்

"சீனாவில் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டே மாரத்தான் ஓடினாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. வாஸ்தவம்தான். 2022-ல், 50 வயதுக்காரர் ஒருவர் ஊதிக்கொண்டே ஓடி, 3 மணி 28 நிமிடத்தில் பந்தயத்தை முடித்தார். 2024-ல் சியாமென் நகரில் மறுபடியும் அப்படியே ஓடினார். அவருடைய நேரத்தை ரத்து செய்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். சிகரெட் இல்லாமல் அவர் எத்தனை நிமிடத்தில் முடித்திருப்பார்? அதை யாரும் அளக்கவில்லையே!

1920-களில் பிரான்சு நாட்டைச் சுற்றும் சைக்கிள் பந்தய வீரர்கள் சைக்கிளில் போய்க்கொண்டே ஒருவருக்கொருவர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. புகை நெஞ்சைத் திறந்துவிடும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. ஊமத்தை இலையைச் சுருட்டி ஆஸ்துமாச் சிகரெட் என்று மருந்துக் கடைகளிலேயே விற்ற காலம் அல்லவா?

"சிகரெட்தானே கெடுதல்? பீடி வெறும் இலைதானே?" இது கிராமத்துச் சாக்கு. பீடி சும்மா விட்டால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். இலைச் சுருளில் காற்றும் எளிதில் புகாது. ஆகவே, ஒரு பீடியில் உள்ளே போகும் விஷவாயு சிகரெட்டைவிடக் குறைவு அல்ல, அதிகம்தான்.

இன்னொரு பழக்கம், ஓடி முடித்ததும் டீயோடு ஒன்று பிடிப்பது. அப்போது மூச்சு இன்னும் ஆழமாக வாங்கிக்கொண்டிருக்கும். இருதயமும் அடங்கியிருக்காது. பற்ற வைப்பதற்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

7 நிமிடப் பரீட்சை

அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் 1968-ல் புதிதாகச் சேர்ந்த வீரர்களை 12 நிமிடம் ஓடவிட்டுத் தூரத்தை அளந்தார். தினசரி சிகரெட் எண்ணிக்கை ஏற ஏற, ஓடிய தூரம் குறைந்தது. அங்கே குறைந்தது வெறும் தூரம். நம் பிள்ளைகளுக்கு அதுவே வேலையாக இருக்கிறது.

அரியாங்குப்பத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டு எல்லை. அங்கே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வருகிற ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பல ஏழைக் குடும்பங்களின் முதல் அரசாங்கச் சம்பளம் இந்த 7 நிமிடத்தில் இருக்கிறது. நன்றாக ஓடுகிறவனுக்கு இது பெரிய காரியம் இல்லை. 6 நிமிடத்தில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். தட்டுத் தடுமாறி எல்லையில் நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம்.

7 நிமிடம் என்பது 420 விநாடி. 100-க்கு 1 பங்கு குறைந்தாலும் 4 விநாடி போய்விடும். ஒரு சிகரெட்டுக்கு இத்தனை விநாடி என்று தராசு வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அன்று காலை மைதானத்துக்கு வெளியே பதற்றத்தைத் தணிக்க ஒன்று பற்ற வைத்துவிட்டு உள்ளே போகிறவன், நாடி ஏறி, மூச்சுக் குழாய் சுருங்கி, ரத்தத்தில் இடம் பறிபோன நிலையில்தான் கோட்டில் நிற்கிறான். 7 நிமிடம் 5 விநாடியில் முடிக்கக் கூடியவன், விசில் ஊதும்போது முடிவுக் கோட்டுக்கு 18 மீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருப்பான்.